சோற்றைத் துறந்தால் தோள் திரளுமா?

தமிழகத்தை விட்டு வெளிமாநில நகரங்களில் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் உடை மாறியது. பேச்சில் இந்தியும் வங்கமும் மராத்தியும் கலந்தன. பிள்ளைகளின் விளையாட்டும் மாறியது. ஆயினும் அடுப்பங்கரையில் சோற்றுப் பானை மட்டும் தன் இடத்தை விட்டு அசையாதிருந்தது. மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே பொன்னி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நம் தாய்மார்களின் வழக்கம். அந்தச் சோற்றுக்கே இன்று வீட்டுக்குள்ளிருந்து எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் மகனோ, புதிதாக உத்தியோகத்தில் அமர்ந்த மகளோ மாலையில் தேகப் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வருகிறார்கள். வந்ததும், “அம்மா, எனக்குச் சாதம் வேண்டாம், இட்லியும் வேண்டாம், நான் கீட்டோவில் இருக்கிறேன்” என்கிறார்கள். அம்மா திகைக்கிறாள். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்க்கிறார். சில வாரங்களில் பிள்ளையின் வயிறு சுருங்குவதைக் கண்டு, நீரிழிவுக்கு மாத்திரை விழுங்கி வரும் அந்த அப்பாவே, தாமும் சோற்றை விட்டுவிட்டால் என்ன என்று யோசிக்கத் தொடங்குகிறார். இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது முக்கியமாக இந்தக் கடைசி விஷயந்தான். அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் இம்முறை யாதெனத் தெரிந்துகொள்ள வேண்டும். கீட்டோ உணவு என்பது மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே, பலருடைய கணக்கில் 20 அல்லது 30 கிராமுக்குக் கீழே நிறுத்திவிடும் ஆகார முறை. ஒரு கிண்ணம் சோறு, அதாவது 150 கிராம், ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்தைத் தந்துவிடுகிறது என்றால் இந்த வரம்பின் கடுமை விளங்கும். நம் இளைஞர்கள் கையாளும் வகையோ மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்டியது: மாவு மிகக் குறைவாக இருக்க வேண்டும், புரதம் மிகுதியாக இருக்க வேண்டும், மொத்தக் கலோரியும் குறைவாக இருக்க வேண்டும். கொழுப்பைக் கரைத்துக்கொண்டே தசையையும் வளர்த்துவிடலாம் என்பது இதன் வாக்குறுதி.

மாவுச்சத்து கிடைக்காதபோது உடல் என்ன செய்கிறது? நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி, உடனே செலவானது போக மிச்சம் கிளைக்கோஜன் என்னும் உருவில் ஈரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் சேமித்து வைக்கப்படுகிறது. சோறு நின்றால் இச்சேமிப்பு விரைவில் வற்றத் தொடங்குகிறது. பிறகு ஈரல் கொழுப்பைப் பிளந்து கீட்டோன் என்ற பொருளைச் செய்து, மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் எரிபொருளாக அனுப்புகிறது. பட்டினி கிடப்பவனை இயற்கை காப்பாற்றும் வழி இதுவே. பட்டினி கிடக்காமலே உடலைப் பட்டினி என்று எண்ணச் செய்வதுதான் கீட்டோவின் உபாயம்.

இங்கே ஒரு சிறு ஏமாற்றம் மறைந்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. 500 கிராம் கிளைக்கோஜன் கரைந்தால் அதனுடன் ஒன்றரைக் கிலோ நீரும் போகும். சிறுநீரகங்களும் அந்நாட்களில் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகின்றன. ஆகவே, முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது என்று பிள்ளை துள்ளினால், இறங்கியதில் பெரும்பாகம் தண்ணீர் என்பதை அறிந்திருப்பது நலம். அந்நாட்களில் வரும் தலைவலிக்கும் தளர்ச்சிக்கும் இந்த உப்பிழப்பே பெரிதும் காரணம். சோற்றுக்குத் திரும்பியதும் அதே இரண்டு கிலோ நான்கு நாளில் திரும்பி வந்துவிடும். அதைக் கண்டு மனமுடையவும் வேண்டியதில்லை.

இம்முறை தோளைத் திரட்டுவதற்காகப் பிறந்ததன்று என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். உபவாசம் இருந்தால் காக்காய் வலிப்பு தணிகிறது என்பதைப் பண்டை நாள் முதல் மருத்துவர் கண்டிருந்தனர். ஆனால் எவ்வளவு நாள் உபவாசம் இருக்க முடியும்? 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், உபவாசத்தின் பலனைச் சாப்பிட்டுக்கொண்டே பெறும் வழியாக இவ்வுணவை வகுத்தார். கண்டிப்பான முறையில் புரதமும் மாவும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நான்கு பங்கு. 1938-இல் ஃபெனிட்டாயின் என்ற மாத்திரை வந்ததும் இம்முறை பெரும்பாலும் ஒதுங்கியது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் இதனை அளித்து வருகின்றனர்.

அந்த மூல முறையில் புரதம் அளவாகவே வைக்கப்பட்டது. காரணம், புரதம் மிகுந்தால் ஈரல் அதிலிருந்தே சர்க்கரை தயாரித்துக்கொள்ளும், கீட்டோன் குறைந்துவிடும். எனவே ‘புரதம் மிகுந்த கீட்டோ’ என்பது ஓரளவுக்குத் தன்னோடு தானே முரண்படும் ஏற்பாடு. முரண்பாட்டினால் தீங்கு என்று நாம் சொல்லவில்லை. தசை வேண்டுபவனுக்குக் கீட்டோன் ஏறியிருக்கிறதா என்பதைவிடப் புரதம் சேர்ந்ததா என்பதே முக்கியம். அவன் கீட்டோன் அளக்கும் காகிதத்தை வாங்கி நாள்தோறும் சோதித்துக்கொண்டிருப்பது வீண் செலவு என்பதே நம் அபிப்பிராயம்.

கலோரி குறைவு, புரதம் மிகுதி என்ற யோசனைக்கு வேறொரு பூர்வீகம் உண்டு. 1970-களில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் பிளாக்பர்னும் அவருடன் உழைத்தவர்களும், மிகவும் பருத்த நோயாளிகளுக்குக் கொழுப்பற்ற இறைச்சி போன்ற நல்ல புரதத்தை மட்டும் கொடுத்து மற்றவற்றை நிறுத்தினால் கொழுப்பு கரையும், தசை பெரிதும் காக்கப்படும் என்று காட்டினர். உப்புகளும் வைட்டமின்களும் சேர்த்துக் கொடுத்து, இரத்தத்தை அடிக்கடி சோதித்துச் செய்த சிகிச்சை அது. உடனே வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். மாட்டுத் தோல் முதலிய கழிவிலிருந்து காய்ச்சிய தரங்குறைந்த புரதத்தைப் புட்டியில் அடைத்து, நாளொன்றுக்கு 400 கலோரிக்கும் குறைவாக அதை மட்டுமே பருகினால் போதும் என்று விற்றார்கள். 1977-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் அதைக் குடித்து வந்தவர்களிடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிற்று. மருத்துவமனையில் சிகிச்சையாக இருந்தது கடைத்தெருவுக்கு வந்தபோது எமனாயிற்று. பளபளக்கும் டப்பாவில் வரும் எதையும் ‘புரதந்தானே’ என்று நம்பிவிடுகிறவர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

இனித் தசைக்கு வருவோம். தசை வளர வேண்டுமானால் அதன் மேல் பாரம் விழ வேண்டும். அப்பாரம் நாளடைவில் ஏறிக்கொண்டே போக வேண்டும். பாரம் ஏறிய தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் புரதத்தைக் கேட்கிறது. எவ்வளவு கேட்கிறது என்பதற்கு 2018-இல் ஒரு தெளிவு கிடைத்தது. பாரப் பயிற்சி செய்த 1,863 பேரை உட்கொண்ட 49 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்ததில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1.6 கிராம் அளவு வரை புரதம் பலன் தருகிறது, அதற்கு மேல் உண்பதால் சராசரியில் கூடுதல் தசை சேர்வதில்லை என்று கண்டார்கள். பயிற்சி இல்லாத சாதாரண மனிதனுக்கு நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவு கிலோவுக்கு 0.83 கிராம். தோளைத் திரட்ட விரும்புகிறவனுக்கு அதைப் போல் இரு மடங்கு தேவை என்று கொள்ளலாம்.

கலோரி குறைந்த நிலையிலும் தசை வளருமா என்பதே அடுத்த கேள்வி. வளரும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சியம் உண்டு. கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சற்றுப் பருத்த 40 வாலிபர்களுக்கு நான்கு வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான உணவு கொடுத்து, வாரத்தில் ஆறு நாள் கடும் பயிற்சி செய்வித்தார்கள். 2016-இல் முடிவு வெளியாயிற்று. கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உண்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. கொழுப்பு நீங்கிய உடலெடை ஏறத்தாழ இருந்தபடியே இருந்தது. 2.4 கிராம் உண்டவர்களுக்கோ கொழுப்பு 4.8 கிலோ குறைந்தது. கொழுப்பு நீங்கிய உடலெடை 1.2 கிலோ கூடியது. இளைஞர்கள் இதை எடுத்துக்காட்டிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: அந்த வாலிபர்கள் உண்ட உணவில் பாதிக் கலோரி மாவுச்சத்திலிருந்தே வந்தது! குறைக்கப்பட்டது கொழுப்புத்தானே தவிர மாவன்று. அது கீட்டோவே அல்ல.

கீட்டோவை நேராகச் சோதித்தவர்களும் உண்டு. இத்தாலியில் தேர்ந்த ஜிம்னாஸ்டிக் வீரர் எட்டுப் பேரை 30 நாள் புரதம் நிறைந்த கீட்டோ உணவில் வைத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். பலம் குறையவில்லை, கொழுப்பு சராசரி 5.3 கிலோவிலிருந்து 3.4 கிலோவாக இறங்கியது. தசையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. எடைப் பிரிவில் போட்டியிடும் மல்லனுக்கோ, கம்பியில் தொங்கும் வீரனுக்கோ இது பெரிய லாபம். ஆனால் 2018-இல் ஸ்பானியர் வெளியிட்ட மற்றொரு சோதனையில், ஏற்கெனவே பாரம் தூக்கிப் பழகிய ஆடவர் எட்டு வாரம் கீட்டோவில் தாராளமாகவே உண்டும், கொழுப்பைத்தான் இழந்தார்களே ஒழியத் தசை கூட்டவில்லை. மாவுச்சத்தும் சேர்த்து உண்ட மற்றவர்களுக்கே தசை கூடியது. இரண்டு சோதனைகளும் சிறியவை. எனினும் ஒரு திசையையே காட்டுகின்றன. இம்முறையில் உள்ள தசையைக் காக்கலாம், கொழுப்பை இறக்கலாம், புதிதாகப் பயிற்சி தொடங்கியவனும் நன்கு பருத்தவனும் சிறிது தசை சேர்க்கவும் கூடும். தசை கூட்டுவதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை என்பது மட்டும் மெய்யன்று. ஒல்லியாக இருந்துகொண்டு தோள் திரள வேண்டும் என்று ஆசைப்படும் வாலிபன் கலோரியையும் குறைத்துச் சோற்றையும் விட்டால், வளர வேண்டிய பயிருக்கு நீரை நிறுத்தியவன் ஆவான்.

சோற்றை விடச் சொல்லும் பிள்ளையின் குற்றச்சாட்டு முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. நம் ஆகாரத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். காலையில் நான்கு இட்லி: புரதம் 8 கிராம். இரு வேளைச் சோறு 450 கிராம்: புரதம் 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரு வேளைச் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் துவரம் பருப்பு 40 கிராம் என்று தாராளமாகவே வைத்தால் 9 கிராம். தயிர் 200 கிராமில் 7. காப்பிக்கு விடும் பாலில் 6. கறி கூட்டு எல்லாம் சேர்ந்து 3. மொத்தம் 45 கிராம். 70 கிலோ எடையுள்ளவனுக்குச் சாதாரணத் தேவையே 58 கிராம். நாம் வயிறார உண்டோம் என்று எழுந்திருக்கும் சைவச் சாப்பாடு, பயிற்சி எதுவும் செய்யாத ஆளுக்கே போதவில்லை. இந்தியரின் உணவில் மாவுச்சத்தின் பங்கு சுமார் 62 சதவீதம் என்று, நம் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடெங்கும் நடத்திய ஆய்வு 2025-இல் தெரிவித்தது. பிள்ளை பாதி சரியாகத்தான் பேசுகிறான்.

பருப்பில் புரதம் இருக்கிறதே என்று தாய்மார்கள் கேட்கலாம். இருக்கிறது, நூறு கிராம் துவரம் பருப்பில் 22 கிராம். அதனுடனே 55 கிராமுக்குக் குறையாத மாவும் இருக்கிறது. 70 கிலோ வாலிபனுக்கு வேண்டிய 112 கிராம் புரதத்தைப் பருப்பிலிருந்தே எடுப்பதானால் நாள்தோறும் அரைக் கிலோ பருப்பை வேகவைத்து உண்ண வேண்டும். மாவு 280 கிராம் ஏறிவிடும். கீட்டோவின் கண்ணுக்குப் பருப்பும் சோற்றின் இனந்தான். கொண்டைக்கடலையும் பயறும் அவ்விதமே. சைவக் குடும்பங்களில் இம்முறை தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அசைவம் உண்பவனுக்கு வழி எளிது. நான்கு முட்டையில் 24 கிராம், கோழி மார்புக் கறி 200 கிராமில் 45, மீன் 150 கிராமில் 28, தயிர் 200 கிராமில் 7 என்று 104 கிராம் வந்துவிடும். மீதிக்கு இன்னொரு முட்டையும் கீரையும் போதும். முட்டையும் தொடாதவன் பாடு வேறு. 200 கிராம் பனீரில் 36, மீல் மேக்கர் என்று நாம் வழங்கும் சோயா உருண்டை 60 கிராமில் 31, டோஃபு என்னும் சோயாப் பனீர் 200 கிராமில் 20-க்கு மேல், தயிர் 300 கிராமில் 10. நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மாவும் காய்கறியோடு சேர்த்து 40 கிராமைத் தொட்டுவிடும். (வடக்கே பனீர் என்றால் பாலைத் திரித்துப் பிழிந்த கட்டி. கல்யாணத்தில் தெளிக்கும் பன்னீரோடு இதைக் குழப்பிக்கொண்டு, ஊரிலிருந்து புதிதாக வந்த பாட்டிமார் முகம் சுளிப்பதை நாம் கண்டிருக்கிறோம்.) இன்றைக்குப் பனீர், நாளைக்குப் பனீர், மறுநாளும் பனீர் என்று எத்தனை நாள் ஒருவன் தாக்குப் பிடிப்பான்? எஞ்சிய புரதத்துக்குப் பால் திரிந்த தெளிநீரிலிருந்து எடுக்கும் ‘வே’ பொடியை நாடுகிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே கூறியிருக்கிறது. நல்ல தரமான பொடி பாலின் ஒரு பகுதியே. அதை விஷம் என்று நாம் கருதவில்லை. தரம் அறியாத பொடியைப் பயிற்சிக் கூடத்தில் கைமாற்றாக வாங்குவதே ஆபத்து.

கலோரிக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1,500 கலோரி என்று வரம்பு கட்டினால், 112 கிராம் புரதம் 448 கலோரி. 30 கிராம் மாவு 120 கலோரி. மீதி 932 கலோரியும் கொழுப்பிலிருந்தே வர வேண்டும். அதாவது 103 கிராம். தேங்காயெண்ணெயும் நெய்யும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டவுடன் சிலருக்கு நாவூறும். ஆனால் முட்டையும் பனீரும் கொண்டுவரும் கொழுப்பே அதில் பெரும்பாதியை நிரப்பிவிடும். ஒரு கரண்டி நெய் கைதவறி விழுந்தால் 100 கலோரிக்கு மேல் கூடிவிடும். அளந்து செய்யாத கீட்டோ பலருக்குக் கலோரி குறைந்த உணவாக இருப்பதே இல்லை.

அளப்பது யார், சமைப்பது யார் என்பதையும் கேட்க வேண்டாமா? ஒரே அடுப்பங்கரையில் மற்றவர்களுக்குச் சாம்பாரும் சோறும், பிள்ளைக்குப் பனீரும் துருவிய காலிஃப்ளவரும் என்று இரட்டைச் சமையல் நடக்கிறது. பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒரு பெண்மணியே இரண்டையும் செய்கிறாள். மாமியாரோ அத்தையோ உடனிருந்து கைகொடுக்கும் வீடு நம்மிடையே எத்தனை? தோளைத் திரட்ட விரும்பும் வாலிபன் தன் பனீரைத் தானே வதக்கிக்கொள்ளட்டும் என்பது நம் கட்சி. பாரம் தூக்கத் தெரிந்த கைக்கு வாணலி பாரமாகாது.

நம்மவர் தசையைப் பற்றிக் கவலைப்படுவதில் தவறில்லை என்பதற்குப் புனே நகரத்திலிருந்து ஒரு காரணம் உண்டு. அங்கே டாக்டர் யாக்னிக் என்பவரும் அவர் குழுவினரும் புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தையின் எடை 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைவிருந்தும், தோலடிக் கொழுப்பில் மட்டும் நம் குழந்தை அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை, தசையில்தான் பின்தங்கியிருந்தது. மெலிந்து தோன்றினும் கொழுப்பு மிகுந்த உடல் என்று இதனைக் கூறுவர். வெளியில் ஒல்லி, வயிற்றில் தொந்தி என்னும் நம் நடுவயதுக் குமாஸ்தாவின் உருவம் தொட்டிலிலேயே வரையப்படுகிறது போலும். இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும் இடம் தசையே. ஆகவே தசை சேர்ப்பது அழகுக்கு மட்டுமான காரியமன்று. பிள்ளையைவிட அப்பாவுக்கே அது அதிகம் வேண்டும்.

அந்த அப்பாவிடம் இப்போது வருவோம். நீரிழிவுக்கு மருந்துண்பவர் மாவைக் குறைப்பது நல்லதே. பலருக்குச் சர்க்கரை நன்றாக இறங்குகிறது. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே நாளில் சோற்றைத் துறப்பது வேறு விஷயம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொள்பவர், பழைய அளவு மருந்தோடு சோற்றை மட்டும் நிறுத்தினால், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்களில் வரும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அவற்றை உண்பவர் கீட்டோவில் இறங்கினால் கீட்டோன் எல்லை மீறிப் பெருகி, இரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. இதில் வஞ்சகம் யாதெனில், அப்போது இரத்தச் சர்க்கரை பெரிதும் ஏறாமலே இருக்கக் கூடும். வீட்டில் ஊசி குத்திப் பார்த்து, ‘சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது’ என்று வாந்தியையும் வயிற்று வலியையும் மூச்சிரைப்பையும் பொருட்படுத்தாது இருந்துவிடுவார்கள். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனவுடன் இன்ன மாத்திரை உண்கிறார், இன்ன உணவில் இருக்கிறார் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். உறவினர் அருகில் இல்லாத ஊரில் வாழும் நாம் வீட்டிலுள்ள அனைவரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சிறுநீரகம் பழுதுற்றவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இம்முறை வேண்டாம். சிலருக்கு இதனால் கெட்ட கொலஸ்டிரால் மிகவும் ஏறிவிடுகிறது. ஆதலால் தொடங்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் இரத்தம் பார்த்துக்கொள்வது தகும். வளரும் பிள்ளைகள் கலோரியைக் குறைப்பதும் கூடாது. பதினைந்து வயதுப் பையன் கண்ணாடி முன் நின்று தோளைப் பார்த்துக்கொண்டு சோற்றை ஒதுக்கினால், பயிற்சிக் கூடத்து ஆசானிடம் பெற்றோர் நேரில் போய்ப் பேச வேண்டும்.

சோறுண்டு தோள் திரட்டியவர் இல்லையா? கல்கத்தாவாசிகளான நம் அன்பர்கள் மனோகர் ஐச்சை அறிந்திருப்பர். 1912-இல் பிறந்தவர், உயரம் ஐந்தடிக்கும் ஓரங்குலம் குறைவு. ஆங்கிலேயர் ஆட்சியில் விமானப் படையில் இருந்தபோது ஓர் அதிகாரியை அறைந்து சிறை சென்று, சிறைக்குள்ளேயே தேகப் பயிற்சியை வளர்த்துக்கொண்டவர். 1952-இல் குறைந்த உயரத்தினருக்கான பிரிவில் உலக ஆணழகர் பட்டம் பெற்றார். சோறும் பருப்பும் மீனும் பாலும் பழமுமே அவருடைய ஆகாரமாக இருந்தன. 2016-இல் காலமானபோது வயது 104. வடநாட்டு அகாடாக்களில் பயின்ற மல்லர்களும் பாலும் நெய்யும் பாதாமும் பெருமளவு உண்டார்களேயன்றி ரொட்டியை விலக்கவில்லை. அவர்களுடைய ‘தண்ட்’ நம் நாவில் தண்டாலாகவும், ‘பைட்டக்’ பஸ்கியாகவும் வழங்குகின்றன. அவற்றுக்குக் காசு வேண்டாம். மாடியில் ஆறடி இடம் போதும்.

நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே செய்யத் தக்கது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்வோம். சோற்றை மூன்று கரண்டியிலிருந்து ஒன்றரைக் கரண்டியாக்கி, சாம்பாரில் பருப்பை இரட்டித்து, புளியை வழக்கம்போல் விட்டால் எல்லாரும் ஒரே குழம்பை உண்ணலாம். காலை இட்லி இரண்டோடு இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் பனீர் பொரியலோ சேரட்டும். வாரத்தில் மூன்று நாள் மீல் மேக்கர் வறுவல். குளிர்காலத்தில் வடக்கே மலிந்து கிடக்கும் முள்ளங்கி, காலிஃப்ளவர், கீரை வகைகள் தட்டில் பாதியை அடைக்கட்டும். இவ்வாறு புரதத்தின் அளவை வெகுவாகக் கூட்டிவிடலாம். சோறும் இலையை விட்டுப் போகாது. இதற்கு மேலும் கீட்டோவையே கைக்கொள்வேன் என்ற உறுதியுள்ள நல்ல தேகிக்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் என்று காலவரை வைத்துக்கொண்டு, உப்பும் நீரும் குறையாமல் பார்த்துக்கொண்டு செய்யட்டும்.

எம்முறையாயினும் எடைக் கருவியை மட்டும் நம்பிப் பயனில்லை. அது தண்ணீரையும் கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. தையற்காரர் நாடா ஒன்றும், பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றும் போதும். மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றோடு, இடுப்பையும் மேற்கையையும் தொடையையும் அளந்து குறிக்க வேண்டும். எத்தனை கிலோவை எத்தனை முறை தூக்கினான் என்பதையும் பக்கத்திலே எழுத வேண்டும். மூன்று மாதத்தில் இடுப்பு குறைந்து, கையளவு நின்றபடி நின்று, தூக்கும் பாரம் ஏறியிருந்தால் உணவு சரி. இடுப்போடு கையும் சுருங்கிப் பாரமும் இறங்கியிருந்தால், அன்றிரவே பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி சோற்றைப் போட்டுவிடலாம்.